ஐந்தா ஆறா

முதல் நாள் அதைப் புறா என்றுதான் நினைத்தேன்.
துணிக்கொடியின் இரும்புக் கம்பத்தில்
முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது.
பிறகு தலையை மட்டும் திருப்பியது,
உடம்பு அசையாமல்,
முழுவதுமாக என் பக்கம்.
புறா அப்படிப் பார்க்காது.

சிலியாவில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால்
ஒரு சாக்கடை, ஒரு முள்வேலி,
அதற்கப்பால் செம்பனை, செம்பனை, செம்பனை.
எலி பிடிக்க ஆந்தைப் பெட்டி நட்டிருக்கிறது நிர்வாகம்.
இரவு ஷிஃப்டுக்கு ஆள் வைத்தாயிற்று.
பகலுக்கு இது தானாக வந்து சேர்ந்திருக்கிறது,
பெர்மிட் இல்லாமல்.

"பருந்து" என்றார் கணவர், பல் துலக்கிக்கொண்டே.
காக்கையைவிடப் பெரிதாக எது பறந்தாலும்
அவருக்குப் பருந்து.
விமானம் மட்டும் விமானம்.
"ஹெலாங்!" என்றாள் பக்கத்து வீட்டு ரொகாயா,
கோழிக்குஞ்சுகளைக் கூடைக்குள் அள்ளியபடி.
கோயில் வாசலில் கேட்டால் கருடன் என்று
கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.
கருடனுக்கு வெள்ளைத் தலை, செங்கல் முதுகு.
இதற்கு மார்பில் நெடுக்குக் கீற்று, வயிற்றில் குறுக்குப் பட்டை,
தொண்டை நடுவே ஒரு கறுப்புக் கோடு,
மை தீர்ந்துவரும் பேனாவால் இழுத்த மாதிரி.

நான் ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறவள்.
லாரி ஏறும், மொத்த எடை.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும், வெறும் எடை.
கழித்தால் உண்மை.
பதினேழு வருஷமாக அப்படித்தான்.
பத்துக் கிலோ இடித்தாலும் போன் வரும்.
அதனால் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்:
கண், மஞ்சள்.
கால், மஞ்சள்.
கொண்டை, காற்றடித்தால் உண்டு.
வாலடியில் வெள்ளைப் பஞ்சு,
பிள்ளைக்குப் பேம்பர்ஸ் கட்டினது போல.

இறக்கை நுனியில் விரல்களை எண்ண வேண்டுமாம்.
ஆறு என்றால் இங்கேயே முட்டை விரிந்த கொண்டை வல்லூறு.
ஐந்து என்றால் ஜப்பான்,
குளிருக்கு ஒதுங்கி, மார்ச்சில் கடல் தாண்டித் திரும்புவது.
நான்கு என்றால் சீனம்.
ஊர்க்காரனா வந்தேறியா என்பது
விரல் கணக்கில் இருக்கிறது.
எங்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.
விரலை எண்ணவில்லை, ரேகைதான் எடுத்தார்கள்.

பறக்கும்போதுதான் விரல் தெரியும்.
பறக்கும்போது எண்ண முடியாது.
கைப்பேசியில் எடுத்தேன்:
வானம், வானம், ரோஸ் நிறப் போர்வை,
ஒரு புகைக்கறை.
கறையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில்
ஐந்தரை.

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி இருக்கும்.
சத்தமே இல்லை.
சிமெண்டுத் தரையில் ஒரு புறாவின் மேல் நின்றிருந்தது,
இறக்கைகளைக் குடைபோல் கவிழ்த்து.
நுனிகள் விரிந்து, பத்தடி தூரத்தில், நல்ல வெயிலில்.
எண்ணியிருக்கலாம்.
நான் புறாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் ஒரு பச்சை வளையம்.

மிச்சமிருந்த காலை டிஷ்யூவில் சுற்றி
டயர் கடைக்குக் கொண்டுபோனேன்.
சியூ கண்ணாடி மாட்டி வளையத்தைப் படித்தார்.
நோட்டைத் திறந்தார்:
பெட்டை. பொரித்த தேதி. தாய் எண், தகப்பன் எண்.
ஈப்போவில் திறந்துவிட்ட நேரம்,
கூண்டில் இறங்கிய நேரம், விநாடி வரை.
அத்தனைக்கும் குறுக்கே ஒரே கோடு.
பேனாவை மூடாமல், "என்ன பறவை?" என்றார் மலாயில்.

நான்கு வாரச் சீட்டுகள் என் கைப்பையில் இருந்தன.
"பெரியதா?"
"புறாவைவிடக் கொஞ்சம்."
"எத்தனை?"
ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
தினமும் வந்தது ஒன்றேதானா?
வாலடியில் பஞ்சு இருந்த நாளும்
இல்லாத நாளும் சீட்டில் இருக்கின்றன.
என் பார்வைக் குறை என்று விட்டிருந்தேன்.

சியூ காத்திருக்கவில்லை.
சீனத்தில் ஏதோ எழுதினார்,
ஒரே எழுத்து, உள்ளே நிறையக் கீற்றுகள்.
அவற்றை எண்ணிக்கொண்டு போனேன்.
பன்னிரண்டில் நோட்டை மூடிவிட்டார்.